ஒன்றரை மில்லிமீட்டர் பல்: ஒரு ஏர்சாஃப்ட் ஷாட்கன் பழுதான கதை

அக்கா மகன் தைவானிலிருந்து வீடியோவில் கூப்பிட்டபோது இரவு பதினொன்றே முக்கால். அவனுக்கும் அதே பதினொன்றே முக்கால்தான். சிங்கப்பூரும் தைவானும் ஒரே கடிகாரத்தில் ஓடுகின்றன, அதனால் தூக்கத்தைச் சாக்காகச் சொல்லித் தப்பிக்க முடியாது.

"மாமா, பம்ப் பின்னால வருது. ஆனா நிக்க மாட்டேங்குது. கையை விட்டா முன்னால ஓடிடுது."

ஒரு பருவம் மட்டும் படிக்க அங்கே போயிருந்தான். போன மூன்றாவது வாரமே கல்லூரிப் பையன்களோடு ஏர்சாஃப்ட் விளையாடப் பழகி, யாரோ விற்ற பழைய ஷாட்கன் ஒன்றை வாங்கி, அதன் ஸ்பிரிங்கையும் மாற்றிவிட்டான். மாற்றியதை என்னிடம் சொல்லவில்லை. பழுதான பிறகுதான் மாமா நினைவுக்கு வந்தேன்.

நான் துப்பாக்கி ஆள் இல்லை. தேசிய சேவையில் பிடித்த துப்பாக்கியோடு அந்த உறவு முடிந்தது. ஆனால் சிங்கப்பூரின் துவாசில் பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிற்சாலையில் 22 வருடம் வேலை பார்த்திருக்கிறேன். உடைந்த பிளாஸ்டிக்கைக் கையில் கொடுத்தால் அது எங்கே, ஏன் உடைந்தது என்று ஓரளவு சொல்லிவிடுவேன். இங்கே எழுதுவதும் அந்தக் கண்ணோட்டத்தில்தான். முதல் பாதி தைவானில் நடந்தது, நான் சிங்கப்பூரில், தெம்பனீஸ் வீட்டில் உட்கார்ந்து படம் பார்த்து வழி சொன்னேன். இரண்டாம் பாதி எங்கள் சமையலறை மேசையில் நடந்தது.

பொருள் என்ன

ஏர்சாஃப்ட் எழுபதுகளின் ஜப்பானில் தொடங்கிய பொழுதுபோக்கு. நிஜத் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாத ஊரில், நிஜம் மாதிரியே இருக்கும் உடலுக்குள் 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டைக் காற்றால் தள்ளும் கருவி. குண்டின் வழக்கமான எடை 0.20 கிராம்.

ஷாட்கன் வகையில் டோக்கியோ மாருய் செய்த மூன்று குழல் அமைப்பு பெயர்பெற்றது. இத்தாலியின் பெனெல்லி எம்3 போன்ற வெளித்தோற்றம். வெளியே தெரியும் பெரிய குழலுக்குள் மூன்று மெல்லிய குழல்கள் முக்கோணமாக உட்கார்ந்திருக்கும். நிஜத் தோட்டாவைப் போலவே இருக்கும் ஒரு பிளாஸ்டிக் ஷெல்லில் 30 குண்டுகள். குழலுக்குக் கீழே முன்னும் பின்னும் ஓடும் பிடிதான் பம்ப். அதை ஒருமுறை இழுத்தால் மூன்று குண்டுகள் மூன்று குழலுக்குள் ஏறும், விசையை அழுத்தினால் மூன்றும் ஒன்றாகப் பறக்கும். பேட்டரி கிடையாது, கேஸ் கிடையாது. ஒரு சிலிண்டர், ஒரு பிஸ்டன், ஒரு ஸ்பிரிங், உங்கள் கை. இதைப் பார்த்து வேறு பலர் மலிவாகச் செய்து விற்கிறார்கள். இவன் வாங்கியதும் அப்படி ஒரு நகல்தான்.

எனக்கு இந்த அமைப்பு பிடித்துப்போனது. எதையும் மறைக்காத இயந்திரம். பம்பை இழுக்கும்போது பிஸ்டன் பின்னால் போய் ஸ்பிரிங்கை அமுக்குகிறது. கடைசியில் ஒரு கொக்கி மேலெழும்பி பிஸ்டனில் இருக்கும் பல்லைப் பிடித்துக்கொள்கிறது. விசையை அழுத்தினால் கொக்கி இறங்கும், பிஸ்டன் பாயும், காற்று மூன்றாகப் பிரியும். முழு ஸ்பிரிங்கின் பலமும் அந்தக் கொக்கியும் பல்லும் உரசும் இடத்தில் நிற்கிறது. அவன் அளந்து அனுப்பிய கணக்குப்படி அந்த இடம் 5 மில்லிமீட்டர் அகலம், ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம். சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லை.

என் முதல் தவறு

முதலில் ஷெல்லைக் கழற்றச் சொன்னேன். குழலுக்குள் குண்டு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். கண்ணாடி போடச் சொன்னேன். கொக்கி பிடிக்காத துப்பாக்கி, விசையைத் தொடாமலே சுடக்கூடிய துப்பாக்கி. 6 மில்லிமீட்டர் குண்டு தோலில் பட்டால் சிவக்கும், கண்ணில் பட்டால் கதையே வேறு. "சும்மா வீட்டுக்குள்ளதானே மாமா" என்றான். வீட்டுக்குள் கண் இல்லையா என்று கேட்டேன்.

அப்புறம் ஐந்து படங்கள் வந்தன. கொக்கிக்குக் கீழே ஒரு குட்டி ஸ்பிரிங் இருக்கும், கொக்கியை மேலே தள்ளுவது அதுதான். அது சோர்ந்துபோயிருக்கும் என்று சொன்னேன். நம்பிக்கையோடுதான் சொன்னேன். அவன் ஒரு பேனாவிலிருந்து ஸ்பிரிங் எடுத்து வெட்டிப் போட்டான். வேலை செய்தது. இருவரும் மகிழ்ந்தோம். மறுநாள் மாலை பத்துப் பதினைந்து பம்புக்குப் பிறகு மறுபடியும் அதே வழுக்கல்.

இந்தத் தவறை மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அறிகுறி போய்விட்டால் நோய் போய்விட்டது என்று நினைப்பது தொழிற்சாலையிலும் தினம் நடக்கும். புது ஸ்பிரிங் கொக்கியைக் கொஞ்சம் பலமாக மேலே தள்ளியது, அவ்வளவுதான். தேய்ந்த இடம் தேய்ந்தபடியே இருந்தது.

இரண்டாவது முறை கழற்றியபோது பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுக்கச் சொன்னேன். கைப்பேசி விளக்கை மேலிருந்து அடித்தால் எல்லாம் வெள்ளையாகத் தெரியும். பக்கத்திலிருந்து அடித்தால்தான் மேடு பள்ளம் தெரியும். படம் வந்தது, எனக்கு வேண்டியதும் கிடைத்தது.

கொக்கி ஒரு உலோகப் பின்னில் ஆடுகிறது. அந்தப் பின் உட்காரும் துளைகள் உடலின் இடது பாதியில் ஒன்று, வலது பாதியில் ஒன்று. வலதுபக்கத் துளை வட்டம். இடதுபக்கத் துளை முட்டை. அதன் ஓரத்தில் முடிபோல ஒரு கோடு, கோட்டைச் சுற்றி வெண்மை.

கறுப்பு ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் வெண்மை தெரிந்தால், அந்த இடம் தாங்கமுடியாத அளவு இழுபட்டிருக்கிறது என்று பொருள். கோட்டுக்கும் காரணம் உண்டு. அச்சுக்குள் உருகிய பிளாஸ்டிக் பாயும்போது, துளைக்காக நிற்கும் கம்பியின் இரண்டு பக்கமும் பிரிந்து போய் மறுபக்கம் சந்திக்கும். சந்திக்கும் இடத்தில் இரண்டு ஓடையும் முழுசாகக் கலக்காது. நாங்கள் வெல்ட் லைன் என்போம். எந்தத் துளைக்கும் பின்னால் இந்தக் கோடு இருக்கும். நல்ல வடிவமைப்பாளர் சுமை வராத பக்கம் அந்தக் கோடு விழும்படி பார்த்துக்கொள்வார், அல்லது துளையைச் சுற்றி விலா எலும்பு மாதிரி நாலு தாங்கு வரம்பு வைப்பார். இந்த நகலில் விலா எலும்பு இல்லை.

கணக்கு என்ன சொல்கிறது

அப்போதுதான் ஸ்பிரிங் மாற்றியதை ஒப்புக்கொண்டான். விளையாட்டுத் திடலில் வேகம் அளக்கும் கருவி இருக்கிறது. பழைய ஸ்பிரிங்கில் விநாடிக்கு 80 மீட்டர், புதியதில் 94 என்று காட்டியதாம். "பதினஞ்சு பதினேழு பர்சென்ட்தானே மாமா கூடுச்சு?"

அங்கேதான் ஏமாறுகிறோம். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு போகிறது. 0.20 கிராம் குண்டு 80 மீட்டர் வேகத்தில் 0.64 ஜூல். 94 மீட்டர் வேகத்தில் 0.88 ஜூல். 38 விழுக்காடு அதிகம். அதுவும் ஒரு குண்டுக்கு. மூன்று குழலுக்கும் சேர்த்து 1.92 ஜூலிலிருந்து 2.65 ஜூலுக்கு ஏறிவிட்டது. ஒரே ஒரு பிஸ்டன் மூன்று குண்டுக்கும் சம்பாதிக்க வேண்டும். ஒற்றைக் குழல் துப்பாக்கியில் சாதாரணமாகத் தெரியும் ஸ்பிரிங் இங்கே கனமாகத் தெரிவது இதனால்தான். இந்த வகை ஷாட்கன்கள் தொழிற்சாலையிலிருந்தே மிதமான வேகத்தில் வருவதற்கும் இதுதான் காரணம் என்பது என் கருத்து. கம்பெனிக்காரன் கஞ்சத்தனம் பண்ணவில்லை, கணக்குப் போட்டிருக்கிறான்.

பயணப்பெட்டியை எடைபார்க்கும் கொக்கித் தராசு அவனிடம் இருந்தது. பம்பில் மாட்டி இழுத்துப் பார்க்கச் சொன்னேன். கடைசி அங்குலத்தில் பழைய ஸ்பிரிங் 9 கிலோ, புதியது பன்னிரண்டரைக் கிலோ.

பன்னிரண்டரைக் கிலோ என்றால் ஏறக்குறைய 123 நியூட்டன். அதை 5க்கு ஒன்றரை, அதாவது ஏழரைச் சதுர மில்லிமீட்டரில் வகுத்தால் 16 மெகாபாஸ்கல். ஏபிஎஸ் ஏறக்குறைய 40 வரை தாங்கும். அப்படியென்றால் பல் ஏன் தேய்ந்தது?

ஏனென்றால் கொக்கி நேராக நிற்கவில்லை. இடது துளை முட்டையானதும் கொக்கி ஒருபக்கம் சாய்ந்தது. சாய்ந்த கொக்கி பல்லின் முழு அகலத்தையும் பிடிக்காது, ஒரு ஓரத்தை மட்டும் பிடிக்கும். படத்தில் தேய்மானம் இடப்பக்க மூன்றில் ஒரு பங்கில் மட்டும் இருந்தது. இப்போது அதே 123 நியூட்டனை இரண்டரைச் சதுர மில்லிமீட்டரில் வகுத்துப் பாருங்கள், 49. தாண்டிவிட்டது. பழைய ஸ்பிரிங்காக இருந்தால், கொக்கி சாய்ந்திருந்தாலும் 35தான் வந்திருக்கும். கஷ்டப்பட்டு ஓட்டியிருக்கலாம்.

ஆக, வரிசை இப்படி: பலமான ஸ்பிரிங் கொக்கிப் பின்னின் துளையைத் தின்றது, துளை கொக்கியைச் சாய்த்தது, கொக்கி பல்லைத் தின்றது. நான் பார்த்தது கடைசிக் கண்ணியை மட்டும்.

இன்னொரு சின்ன விஷயம். பம்ப் இறுக்கமாக இருக்கிறது என்று துருநீக்கித் தெளிப்பானை உள்ளே அடித்திருந்தான். பிஸ்டன் தலையில் இருக்கும் ஓ-ரிங் உப்பிப்போய், சிலிண்டருக்குள் பிடித்துப் பிடித்து நகர்ந்தது. ரப்பரில் பல ஜாதி உண்டு, சிலவற்றுக்குப் பெட்ரோலிய எண்ணெய் ஆகாது. எந்த ஜாதி என்று தெரியாவிட்டால் ஏர்சாஃப்ட் கடையில் விற்கும் சிலிகான் எண்ணெய் ஒரு சொட்டு போதும். அதையும் குண்டைச் சுழல வைக்கும் ஹாப்-அப் ரப்பர் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

சரிசெய்தது

உலோக உடல் வாங்கிப் போட்டுவிடலாம் என்பது அவன் யோசனை. அங்கே எல்லாமே கிடைக்கிறது: உலோக உடல், எஃகுக் கொக்கி, மரத் தோள்கட்டை, அகலம் குறைந்த உட்குழல். ஒவ்வொன்றும் துப்பாக்கி விலையில் பாதி. நான் கொக்கிப் பின்னின் துளைக்குள் உறையாகப் போடப் பித்தளைக் குழாய் வாங்கச் சொன்னேன். வெளிவிட்டம் 5, உள்விட்டம் 3 மில்லிமீட்டர்.

கல்லூரிப் பட்டறையில் உடலின் இரண்டு பாதியையும் சேர்த்துத் திருகு போட்டு, நிமிர்ந்த துளைக்கருவியில் ஒரே மூச்சாக 5 மில்லிமீட்டருக்குத் துளைத்தான். தனித்தனியாகத் துளைத்தால் இரண்டு துளையும் ஒரு கோட்டில் வராது, சாய்வை நாமே செய்துகொடுத்ததாகிவிடும். பித்தளையின் வெளிப்புறத்தை 240 உப்புத்தாளால் கீறி, ஆல்கஹாலால் துடைத்து, எபாக்சி பூசி உட்கார வைத்தான். ஒரு ராத்திரி ஆறவிட்டான். விரிசல் நுனியில் ஒன்றரை மில்லிமீட்டர்த் துளை ஒன்று போடச் சொன்னேன். கூர்மையான நுனிதான் விரிசலை ஓட்டுகிறது. நுனியை உருண்டையாக்கினால் அது நின்றுவிடும், பெரும்பாலும்.

பிஸ்டனை மட்டும் புதிதாக வாங்கினான். கொக்கியின் முகத்தை எண்ணெய்க்கல்லில் நாலு தேய் தேய்த்துச் சமமாக்கினான். பழைய ஸ்பிரிங் திரும்ப உள்ளே போனது. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் போட்டான்.

வேகம் 79. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், குண்டு முன்பைவிட நேராகப் போனது. இந்த மூன்று குழல் வகையில் ஹாப்-அப் நிலையானது. குழலின் ஆரம்பத்தில் மேல்பக்கம் ஒரு ரப்பர் மேடு குண்டை உரசி அதைப் பின்னோக்கிச் சுழல வைக்கும். சுழலும் குண்டைக் காற்று தூக்கிப் பிடிக்கும், மாக்னஸ் விளைவு என்று பள்ளியில் படித்ததுதான். மேட்டைக் கூட்டவோ குறைக்கவோ திருகு கிடையாது. 94 மீட்டர் வேகத்தில் தூக்கல் அளவுக்கு மீறி, குண்டுகள் இருபது மீட்டரிலேயே தலைக்குமேல் ஏறிப்போயிருக்கின்றன. பழைய ஸ்பிரிங்கில் 0.25 கிராம் குண்டு போட்டுப் பார்த்தான். அதே ஆற்றலுக்கு வேகம் 71 பக்கம் இறங்கிவிடும், ஆனால் கோடு போட்ட மாதிரி போகிறது என்றான். காசு கொடுத்து வாங்கிய ஸ்பிரிங், தூரத்தையும் கொடுக்கவில்லை, துளையையும் தின்றுவிட்டது.

கடைகளில் ஸ்பிரிங் எப்போதும் முதல் வரிசையில் தொங்கும். விலை குறைவு, மாற்ற அரைமணி நேரம், எண் உடனே கூடும். என்னைக் கேட்டால் வரிசை தலைகீழ். முதலில் கொக்கியும் அதன் துளையும், அப்புறம் காற்று கசியாத ஓ-ரிங், அப்புறம் மூன்று குழலும் ஒரே திசை பார்க்கிறதா என்பது. ஸ்பிரிங் கடைசி, அதுவும் தேவைப்பட்டால்.

சுங்கத்தில் ஒரு நகக்கண்

பருவம் முடிந்தது. துப்பாக்கியை அறைத் தோழனிடம் கொடுத்துவிட்டான். அதில் எனக்கும் அவனுக்கும் கருத்து வேறுபாடே இல்லை. ஒவ்வொரு ஊரும் இதற்கு ஒரு எண் வைத்திருக்கிறது. ஜப்பான் 2006ல் சட்டத்தைத் திருத்தி ஒரு சதுர செண்டிமீட்டருக்கு 3.5 ஜூல் என்று வைத்தது, 6 மில்லிமீட்டர் குண்டுக்கு அது ஒரு ஜூலுக்கும் கொஞ்சம் குறைவு. ஹாங்காங்கில் 2 ஜூல். தைவானில் சதுர செண்டிமீட்டருக்கு 20 ஜூல், இந்தக் குண்டுக்குக் கணக்குப் போட்டால் ஐந்தரைக்கு மேல். பிரிட்டனில் 2017 சட்டப்படி ஒவ்வொன்றாகச் சுடுவதற்கு 2.5, தொடர்ந்து சுடுவதற்கு 1.3.

சிங்கப்பூரில் எண்ணைப் பற்றிய பேச்சே எழாது. ஏர்சாஃப்ட் இங்கே ஆயுதம். உரிமம் இல்லாமல் கொண்டுவரவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. எவ்வளவு ஜூல், என்ன நிறம், எத்தனை வயது என்பதெல்லாம் அப்புறம். 2021 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டம் இன்னும் ஒரு படி போய், துப்பாக்கி செய்வதற்கான கணினி வரைபடத்தை அனுமதியில்லாமல் வைத்திருப்பதையும் குற்றமாக்கியது. பாலம் தாண்டி ஜோகூர் போய் விளையாடலாமே என்று சிலர் நினைப்பார்கள். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் போலித் துப்பாக்கியையும் விடுவதில்லை.

கிளம்புவதற்கு முந்தைய நாள் கூப்பிட்டான். "மாமா, அந்தத் தேஞ்ச கொக்கியை மட்டும் கொண்டு வரவா? கீசெயின் பண்ணலாம்." அறைத் தோழன் எஃகுக் கொக்கி வாங்கி மாட்டிவிட்டதால் பழையது சும்மா கிடந்ததாம். நகக்கண் அளவு துத்தநாகத் துண்டு. பார்த்தால் கதவுப் பூட்டின் உள்பாகம் மாதிரி இருக்கும். எனக்கும் ஒரு விநாடி ஆசைதான், ஆய்வுப் பொருளை நேரில் பார்க்கலாமே என்று. ஆனால் பாகமும் பாகம்தான். சுங்க அதிகாரி இது என்ன என்று கேட்டால் பொய் சொல்ல வேண்டும், அல்லது உண்மை சொல்ல வேண்டும், இரண்டும் நன்றாக முடியாது. துப்பாக்கி வடிவச் சிகரெட் லைட்டரையே கொண்டுவரக் கூடாது என்று பட்டியல் போட்டிருக்கிற ஊர் இது. பொம்மைத் துப்பாக்கிகூடக் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களின் பட்டியலில்தான் இருக்கிறது. வேண்டாம் என்றேன். படத்தைப் பெரிதாக அச்செடுத்துக்கொள் என்றேன்.

தெம்பனீஸ் சமையலறை

வந்தவன் சும்மா இருக்கவில்லை. பொம்மைக் கடையில் விற்கும் நுரை அம்புத் துப்பாக்கி ஒன்றை வாங்கி வந்தான். இங்கே சின்னப் பிள்ளைகள் அடுக்குமாடியின் அடியில் இருக்கும் வெற்றுத்தளத்தில் ஓடி விளையாடுகிற சாமான்தான். அதிலும் ஷாட்கன் வகை உண்டு. 2014ல் நெர்ஃப் வரிசையில் வந்த ஸ்லெட்ஜ்ஃபயர் என்ற ஒன்றில் மூன்று அம்பு செருகிய ஷெல்லை மடக்கிப் போட்டுச் சுடலாம். இவன் வாங்கியது வேறு கம்பெனி, பம்ப் வகை, யோசனை மட்டும் அதேதான். ஒரு இழுப்பு, மூன்று அம்பு.

அக்கா ஒரு நிபந்தனை போட்டாள். "அதுல வேகத்தைக் கூட்டுற வேலை எதுவும் என் வீட்டுல நடக்கக் கூடாது." நான் சொல்ல நினைத்ததை அவள் சொல்லிவிட்டாள். பொம்மையாக விற்றதைப் பலமாக்கினால் அது எந்த இடத்தில் பொம்மையாக இல்லாமல் போகிறது என்பதைக் கண்டுபிடிக்கும் ஆளாக நான் இருக்க விரும்பவில்லை. எனவே ஸ்பிரிங்கைத் தொடவில்லை. முப்பரிமாண அச்சில் புது உடல் செய்யலாம் என்றான், அதையும் தொடவில்லை. பிடியையும் பம்பின் ஓட்டத்தையும் தோற்றத்தையும் மாற்றுவது என்று முடிவானது.

திறக்கும்போதே ஒரு பாடம். பன்னிரண்டு திருகையும் கழற்றிவிட்டு மூடியை நேராகத் தூக்கினான். ஸ்பிரிங் எழுந்து சுவரில் தொங்கிய தேதி காலண்டரில் மோதி, சனிக்கிழமையைக் கிழித்துக்கொண்டு விழுந்தது. அமுங்கியிருக்கும் எதையும் திறப்பதற்கு முன் மேலே ஒரு துணியைப் போர்த்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, மெதுவாக விட வேண்டும். தைவானில் நாலு முறை கழற்றிய பையன் இவன்!

பம்ப் கரகரவென்று ஓடியதற்குக் காரணம், தண்டவாளத்தில் வார்ப்பின்போது பிதுங்கிய விளிம்பு. நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். கத்தியால் சீவி, 600 உப்புத்தாளால் வழித்தோம். சிலிகான் எண்ணெய் ஒரு சொட்டு. கைக்கு வெண்ணெய் மாதிரி வந்தது. இந்த மொத்த வேலையிலும் எனக்கு மிகத் திருப்தி தந்த பத்து நிமிடம் அதுதான்.

தோள்கட்டை வெறும் கூடு. பைன் மரத்துண்டு ஒன்றை இழைத்து உள்ளே செருகினோம், வாசலில் உட்கார்ந்து, செய்தித்தாள் விரித்து. ஜாலான் புசார் ஹார்ட்வேர் கடையில் வாங்கிய எஃகு வாஷர்களை அடியில் அடுக்கினான், கையில் கனம் தெரியவேண்டுமாம். கனம் தெரிந்தது. மூன்றாம் நாள் சோபாவிலிருந்து தரையில் விழுந்தபோது, தோள்கட்டை உடலோடு சேரும் கழுத்தில் விரிசல். லேசான பொம்மை விழுந்தால் துள்ளும், கனமான பொம்மை விழுந்தால் கழுத்து ஒடியும். "மறுபடியும் அதே கதையா மாமா?" என்றான். இந்த முறை அவனே கண்டுபிடித்தான், எனக்கு அதில் சந்தோஷம். வாஷர்களில் பாதியை எடுத்துவிட்டு, கழுத்துக்கு உள்ளே அலுமினியப் பட்டை ஒன்றை வளைத்துத் திருகினோம்.

அடுத்து வண்ணம். ஏபிஎஸ்சுக்கு வண்ணம் அடிப்பதில் பாதி வேலை அடிப்பதற்கு முன்னால் முடிந்துவிடும். பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவிக் காயவைக்க வேண்டும். 400, அப்புறம் 800 உப்புத்தாள். அசிட்டோன் பக்கத்திலேயே வரக்கூடாது, ஏபிஎஸ் கரைந்து கூழாகிவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் மழை நாளில் தெளித்தால் பளபளப்பு போய்ப் பால்படிந்த மாதிரி ஆகும். வெயில் ஏறிய மதியம் நல்லது. ஓடும் பாகங்களில் அடிக்கவே கூடாது. மூன்று பூச்சு சேர்ந்தால் பத்தில் ஒரு மில்லிமீட்டரில் முக்கால் பங்கு, இரண்டு பக்கமும் சேர்த்தால் அதன் இரட்டிப்பு. தண்டவாளத்தில் இருக்கும் இடைவெளியே கிட்டத்தட்ட அவ்வளவுதான். வெண்ணெய் மாதிரி ஓடிய பம்ப் நின்றுவிடும். அங்கெல்லாம் டேப் ஒட்டினோம்.

இதெல்லாம் தெரிந்த நான் ஒன்றை யோசிக்கவில்லை. அடிப்பூச்சு சாம்பல் நிறம். ஆரஞ்சும் நீலமுமாக இருந்த பொம்மை முழுவதும் ஒரே சாம்பல். அதைத் தாழ்வாரத்தில், செடித்தொட்டிகளுக்கு மேலே கம்பியில் மாட்டிக் காயவைத்துவிட்டு நாங்கள் சாப்பிடப் போனோம்.

அரைமணி நேரத்தில் அக்காவின் கைப்பேசிக்குப் படம் வந்தது. எங்கள் புளோக்கின் வாட்சப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். தூரத்திலிருந்து எடுத்த படம். சாம்பல் நிறத்தில், மர வேலைப்பாட்டோடு, வாசலில் தொங்கும் ஒரு ஷாட்கன். கீழே ஒரே ஒரு கேள்வி: இது யார் வீடு? படத்தைப் பார்த்த நானே ஒரு கணம் திடுக்கிட்டேன். அதை என் கையால் இழைத்திருக்கிறேன், எனக்கே அப்படி.

நான் ஓடிப்போய் எடுத்து உள்ளே வைத்தேன். அக்கா குழுவில் மன்னிப்புக் கேட்டு, நுரை அம்போடு ஒரு படம் போட்டாள். எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி கதவைத் தட்டி நேரில் பார்த்துவிட்டுப் போனார். அவர்தான் படம் எடுத்தவர். போலிசுக்கு அடிக்க எண்ணை அழுத்திவிட்டு, உங்கள் வீடு என்று குழுவில் பார்த்ததும் நிறுத்தினேன் என்றார். அடித்திருந்தாலும் அவர்மேல் தவறு சொல்ல முடியாது. பிரிட்டனில் இதற்கென்றே நிறம் குறித்திருக்கிறார்கள். நிஜம்போல இல்லாத போலி என்று கணக்கில் வரவேண்டுமானால் பளிச்சென்ற சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு, ஊதா, நீலம் இவற்றில் ஒன்று பெரும்பகுதியாக இருக்க வேண்டும், அல்லது உடல் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிய வேண்டும். பொம்மைக் கம்பெனி பூசியிருந்த ஆரஞ்சும் நீலமும் அழகுக்காக மட்டும் இல்லை. நாங்கள் அதை ஒரு மதியத்தில் உரசி எடுத்துவிட்டோம்.

மறுநாள் மஞ்சள் அடித்தோம், பம்புக்கு ஊதா. குழல் நுனியில் பழைய ஆரஞ்சையே விட்டுவைத்தோம். அதை முதலிலேயே தொட்டிருக்கவில்லை, அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. மரத்தில் மட்டும் வார்னிஷ். பார்க்க மாம்பழமும் கத்தரிக்காயும் சேர்ந்த மாதிரி இருக்கிறது. அக்கா அதை, வீட்டுக்குள்ளேயே கட்டித்தந்திருக்கும் பாதுகாப்பறையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

போன வாரம் தைவானிலிருந்து அறைத் தோழனின் செய்தி. நான் போடச் சொன்ன பித்தளைக் குழாய் அசையவில்லை, விரிசலும் நகரவில்லை, கொக்கி கல்லுமாதிரி பிடிக்கிறது. அதனால் தைரியம் வந்து அந்தப் பலமான ஸ்பிரிங்கை மறுபடி மாட்டிவிட்டானாம். இப்போது பம்பையும் பிஸ்டனையும் இணைக்கும் தகடு வளைந்திருக்கிறது. அக்கா மகன் படத்தை எனக்கு அனுப்பி, "மாமா, இது என்ன பண்ணலாம்?" என்று கேட்டிருந்தான். விளக்கைப் பக்கத்திலிருந்து அடித்து இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொல் என்று பதில் போட்டிருக்கிறேன்.